சதுரகிரி போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

"டாக்டரய்யா, ஆடி அமாவாசைக்கு நாங்களும் சதுரகிரி போறோம். அங்கே எந்த இலையைப் பறிச்சுத் தின்னாலும் சர்க்கரை போயிருமாமே? மாத்திரையை நிறுத்திரலாமா?"

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்குப் பார்க்கும் அம்மா கேட்டார். எட்டு வருஷமாகச் சர்க்கரை நோயாளி.

"மாத்திரையை நிறுத்துறதா இருந்தா மலையே ஏற வேண்டாம்" என்றேன். முகம் வாடிவிட்டது. சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே என்று!

மூலிகை மலைதான், மறுக்கவில்லை. நம் மாவட்டத்தின் மேற்கே யானை, சிறுத்தை, வரையாடு, சாம்பல் நிற அணில் எல்லாம் வாழும் காடு அது. அணிலுக்காக 1988-ல் சரணாலயமானது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனது. ஆனால் மூலிகை இருக்கும் இடத்தில்தான் விஷமும் இருக்கிறது. செங்காந்தள் பூவைத் தெரியாதவர் உண்டா? நம் மாநில மலர். அதன் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. பார்க்க ஏதோ காட்டு வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். தின்றால் முதலில் வாந்தி, பேதி. பிறகு சிறுநீரகம் கெட்டு உயிரே போகலாம். சேராங்கொட்டையின் பால் தோலில் பட்டாலே கொப்புளம்தான். இவற்றை நாங்களும் மருந்தாகக் கொடுக்கிறோமே என்பீர்கள். சுத்தி செய்துதான் கொடுக்கிறோம். அந்தச் சுத்தி முறைகளைக் கல்லூரியில் வருஷக்கணக்கில் படிக்க வேண்டியிருந்தது. (சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் வெடிமருந்து. அதைக் கையாளத் தெரியாதவனை யாராவது பட்டாசு அறைக்குள் விடுவார்களா?) ஆகவே இலையோ, வேரோ பறிக்காதீர்கள். சரணாலயத்தில் அது சட்டப்படியும் குற்றம். வழியில் யாராவது வேர் விற்றாலும் வாங்க வேண்டாம்.

இனி ஏற்றம். வத்திராயிருப்பு தாண்டித் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து, பழக்கமில்லாதவர்களுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். ஒரு மாதம் முன்பே தினமும் நடந்து பழகுங்கள். இருதய நோயாளிகள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. ஏறும்போது நெஞ்சு பாரமாக இருந்தால் "கொஞ்சம் வாயு" என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து விடுங்கள், உடனே உதவி கேளுங்கள். சர்க்கரைக்காரர்கள் விரதம் இருந்து ஏற வேண்டாம். மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ஏறினால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். குப்பென்று வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் கண்டால் குளுக்கோஸோ சீனியோ உடனே வாயில் போடுங்கள். அதற்கென்று ஒரு பொட்டலம் மடியிலேயே இருக்கட்டும், பையில் அல்ல.

கொதித்து ஆறிய தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக்குக்கு அனுமதியில்லை. நம்மூரில் தீப்பெட்டி இல்லாத பை ஏது? அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்தது மறந்துபோகக்கூடிய விஷயமா?

ஓடைகள்தான் எனக்கு மிகவும் பயம். 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காயும். மேலே மழை கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கலாக வந்தாலும், இலை தழை மிதந்து வந்தாலும், தூரத்தில் இரைச்சல் கேட்டாலும் உடனே மேடேறுங்கள். அக்கரையில் சொந்தக்காரர்கள் நின்றாலும் கடக்காதீர்கள். ராத்திரி இக்கரையிலேயே உட்கார்ந்திருந்தால் பசிதான் எடுக்கும். எந்த நாளில், எத்தனை மணிவரை ஏறவிடுவார்கள் என்பது அவ்வப்போது மாறுகிறது. கிளம்புமுன் வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். பச்சிலைக்காக நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். 108-க்குச் சொல்லி, விஷமுறிவு ஊசி உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னிடம் கொண்டு வந்தாலும் நான் அங்கேதான் அனுப்புவேன்.

அந்த அம்மா மாத்திரையோடு போய் நல்லபடியாகத் திரும்பினார். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார், காய்ச்சல், தலைவலி. இடுப்பில் சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத உண்ணிப் பூச்சி கடித்து வருகிற காய்ச்சல் இது. நிலவேம்புக் குடிநீர் குடித்துப் பார்க்கலாம் என்று நாள் கடத்தினால் ஆபத்து. சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் சீக்கிரம் கேட்கும். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "டாக்டர்கிட்டே முதல் வார்த்தையா 'காட்டுக்குப் போய்ட்டு வந்தேன்'னு சொல்லுங்கம்மா" என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன்.