கசாயத்தால் தேறாத சோர்வு

காவி பூசிய அக்கி

பசறை, மடூல்சீமை, அப்புத்தளைத் தோட்டப் பகுதிகளிலிருந்து வரும் வாலிபர் சட்டையைக் கழற்றினால், விலாவைச் சுற்றி அக்கி. அதன்மேல் காவி காய்ந்து வெடித்திருக்கும். நாக்கை நீட்டச் சொன்னால் வெள்ளை படிந்திருக்கும். உடம்பு மெலிந்து பல மாதமாகியிருக்கும். அதுவரை பனடோல், கொத்தமல்லிக் கசாயம், யாரோ குடித்து மீதி வைத்த அன்டிபயோட்டிக். அக்கி வந்தவர்கள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. இருக்காது. ஆனால், இளவயதில் அக்கி வந்தால் இரத்தத்தைச் சோதித்தே ஆக வேண்டும்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு டொக்டர்?"

எச்.ஐ.வி. கிருமி தொற்றிய பிறகு நல்லாயிருப்பதாகத் தெரியும் அந்த வருடங்களில்தான் உள்ளே சேதம் நடக்கிறது. கிருமி புகுந்த அணுக்களைத் தேடிக் கொல்பவை சீடி8 என்னும் கொல்லி டி அணுக்கள். கிருமி ஓயாமல் பெருகினால் இவையும் ஓயாமல் தூண்டப்படுகின்றன. அப்போது அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 என்ற புரதம் கூடுகிறது. அது வண்டிக்கு பிரேக் போட்ட மாதிரி. பிறகு டிம்-3, டிஜிட் என்று மேலும் பிரேக்குகள் விழும். அணு உயிரோடுதான் இருக்கும்; கொல்லும் திராணி போய்விடும். இதுதான் சோர்வு. தென்னாபிரிக்காவில் சிகிச்சை பெறாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. பிடி-1 கூடியவர்களிடம் கிருமியும் கூடுதல், சீடி4 என்னும் உதவி டி அணுக்களோ குறைவு.

"எதிர்ப்புச் சக்தி" டொனிக்

கிருமியை அடக்காமல் சக்தி ஏற்றுவதாகச் சொல்லி விற்கும் எந்த டொனிக்கும் இந்த பிரேக்கை எடுக்காது. காசு போகட்டும், காலமும் அல்லவா போகிறது! பிடி-1ஐத் தடுக்கும் ஊசிகள் புற்றுநோய்க்கு உண்டு, எச்.ஐ.வி.க்கு அவை வழக்கமான சிகிச்சை அல்ல. தினமும் விழுங்கும் ஏஆர்வி மாத்திரைதான் கிருமியை அடக்கி, கொல்லி அணுக்களுக்கு ஓய்வு கொடுக்கிறது. பிடி-1 குறையும், முழுதாகப் பழைய நிலைக்கு வருவது அரிது. அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்று கெஞ்சுகிறோம். உடனே மாத்திரை தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் மரணமும் பாதிக்கும் மேல் குறைந்ததை 2015இல் வெளிவந்த சர்வதேச ஆய்வு காட்டியது.

தேறியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் கிருமி திரும்பிவிடும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று: ஒரே பீலியில் குளிப்பதால், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால், நுளம்பு கடிப்பதால் எச்.ஐ.வி. தொற்றாது. லயத்தில் யாரையும் ஒதுக்காதீர்கள்.

பரிசோதனை

அரசாங்க பாலியல் நோய் கிளினிக்கில் இலவசம், இரகசியம் காக்கப்படும். பதுளை பெரியாஸ்பத்திரியிலும் உண்டு. தொற்றிய உடனே தெரியாது. மறுபடி வரச் சொன்னால் வாருங்கள்.

ஆண்களிடம் ஒரு வேண்டுகோள்

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்து இரத்தம் கொடுத்ததால் கிடைத்த வெற்றி அது. ஆண்களுக்கு அப்படியொரு கிளினிக் நாள் இல்லை. நீங்களாக வந்தால்தான் உண்டு. கொழும்பில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்களாக இருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டே போகாதவர்களாக இருந்தாலும் சரி, ஆணுறை இல்லாமல் உறவு கொண்டிருந்தால் அக்கி வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த மாதமே வந்து இரத்தம் கொடுங்கள்.