டூட்டூ என்னும் நாட்டியப் பாவாடை

மேலைநாட்டு நாட்டியமாகிய பாலே ஆடும் பெண்களின் படத்தை நம் உறுப்பினர்களுள் பலர் பார்த்திருக்கக் கூடும். அவர்கள் கால்விரல் நுனியில் நிற்பர். இடையிலிருந்து தாமரையிலைபோல் நாற்புறமும் விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடை ஒன்றை அணிந்திருப்பர். அப்பாவாடைக்கு டூட்டூ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் குழந்தையின் பின்புறத்தைச் செல்லமாகக் குறிக்கும் சொல்லொன்றிலிருந்து இப்பெயர் தோன்றிற்று என்பர். பெயர் விளையாட்டாக இருப்பினும் வரலாறு விளையாட்டன்று. அது தையற்காரரின் வரலாறு என்பதைவிடத் துணியின் வரலாறு என்பதே பொருந்தும். ஆதலால் நெசவாளர் படிக்கும் இவ்விதழில் அதனைக் கூறலாம்.

1832ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பாரிஸ் ஆபரா அரங்கில் ‘லா சில்ஃபீட்’ என்னும் பாலே முதன்முறையாக ஆடப்பெற்றது. மணநாளன்று இளைஞன் ஒருவன் வானுலகப் பெண்ணொருத்தியைக் கண்டு மயங்கிப் பின்தொடர்வது அதன் கதை. அவ்வானுலகப் பெண்ணாக ஆடியவர் மேரி டாக்லியோனி. நாட்டியத்தை அமைத்தவர் அவருடைய தந்தை பிலிப்போ டாக்லியோனி. மண்ணில் கால் பாவாத உருவமாக அவள் தோன்ற வேண்டும். முந்திய நூற்றாண்டில் அரசவை மகளிர் உடையைப் போன்ற கனத்த ஆடைகளுடன் மேடையில் ஆடியதுண்டு. இக்கதைக்கு அவை உதவா. ஆகவே வெண்ணிறமான மெல்லிய துணியைப் பல அடுக்காகச் சுருக்கிக் கெண்டைக்கால் வரையில் மணியின் வடிவில் தொங்கவிட்டனர். இவ்வுடையை வகுத்தவர் யூஜீன் லாமி என்னும் ஓவியர் என்று கூறப்படுகிறது. நீண்ட டூட்டூவுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று.

இத்தகைய பாவாடைகளுக்குப் பயன்பட்ட துணிகளுள் முக்கியமானது டார்லட்டன். நம்மவருக்குப் புரியும்படி கூறினால், பாவும் ஊடையும் நெருங்காமல் கண் தெரியும்படி நெய்து, கஞ்சியேற்றி விறைப்பாக்கிய மஸ்லின் வகை அது. விறைப்பு முழுவதும் கஞ்சியினுடையது. வியர்வை பட்டாலும் காற்றில் ஈரம் மிகுந்தாலும் துவண்டுவிடும். மஸ்லின் என்றதும் டாக்கா நினைவுக்கு வராமற் போகாது. வங்கத்து மஸ்லினைக் கண்டு வியந்த ஐரோப்பா, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தன் ஆலைகளிலேயே நயமான நூலை நூற்கத் தொடங்கியது. டாக்லியோனி வெண்துகிலில் மிதந்து ஆடிய ஆண்டுகளில், டாக்கா நெசவாளரின் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன.

இத்துணியின் அழகுக்குக் காரணமான குணமே அதன் அபாயத்துக்கும் காரணமாயிற்று. நூல் மெல்லியது, கண்கள் அகன்றவை, அடுக்குகளுக்கிடையே காற்று நிறைந்திருக்கும். தீப்பொறி ஒன்று பட்டால் அணைக்க அவகாசமின்றிப் பற்றி எரியும். அக்காலத்து மேடைகளோ வாயு விளக்குகளால் ஒளி பெற்றவை. பாரிஸ் ஆபராவில் 1822 முதல் வாயு விளக்கு உண்டு. 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்னும் நடன மாதின் பாவாடை, ஆட்டத்தின் நடுவே விளக்கில் பற்றிக்கொண்டது. சில நாட்களில் அவர் இறந்தார். 1861இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர அரங்கில் ஒருத்தியின் உடையில் பிடித்த தீ, உதவ ஓடிவந்தவர்களின் உடைகளுக்கும் தாவிப் பலரைக் கொன்றது.

இதைத் தடுக்க வழி தெரியாமலிருந்ததா? இல்லை. 1821ஆம் ஆண்டிலேயே கே-லூசாக் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர், பதினெட்டாம் லூயி மன்னரின் விருப்பப்படி ஆராய்ந்து, அம்மோனியா உப்புகளும் வெண்காரமும் கலந்த கரைசலில் தோய்த்த துணி சுடர்விட்டு எரியாது என்று காட்டியிருந்தார். பின்னர் கார்ட்டரோன் என்பவரின் முறை வந்தது. 1859இல் மேடை உடைகளைத் தீத்தாங்கும்படி செய்ய வேண்டுமென்று பிரெஞ்சு அரசாணையும் பிறந்தது. ஆயினும் நடன மாதர் அத்துணியை வெறுத்தனர். தோய்த்த துணி வெண்மை மங்கிற்று. மிதக்க வேண்டிய பாவாடை விறைத்துத் தொங்கிற்று.

அப்படி மறுத்தவர்களுள் எம்மா லிவ்ரி என்பவர் ஒருவர். டாக்லியோனியின் அருமை மாணவி. விளக்குச் சுடரில் சிறகு கருகும் வண்ணத்துப்பூச்சியின் கதையை 1860இல் ஆசிரியரே அவருக்காகப் பாலேயாக அமைத்தார். தோய்க்காத பாவாடையிலேயே ஆடுவேன், விளைவுக்கு நானே பொறுப்பு என்று லிவ்ரி அவ்வாண்டில் நிர்வாகத்தாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். 1862 நவம்பர் 15ஆம் நாள் ஒத்திகையின்போது பாவாடையைச் சற்றே உயர்த்தி உதறினார். அருகிலிருந்த வாயு விளக்கின் சுடர் அதில் தாவிற்று. எட்டு மாதங்கள் தீப்புண்களால் துன்புற்று, 1863 ஜூலை 26ஆம் நாள் இறந்தார். வயது இருபது. அன்று எரிந்து எஞ்சிய உடைத்துண்டுகள் பாரிஸ் ஆபராவின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அழகுக்காக அபாயத்தை ஏற்றாள் என்று இச்செய்தியைச் சிலர் காவியமாக்குவர். எனக்கு அவ்விதம் தோன்றவில்லை. அரசாணை இருக்க, இருபது வயது நிரம்பாத ஒரு பெண்ணின் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிர்வாகம் ஒதுங்கியதே இதில் கவனிக்கத்தக்கது. எந்தச் சங்கத்தின் தணிக்கையிலும் இத்தகைய கடிதத்தைச் சமாதானமாக ஏற்கமாட்டோம்.

டூட்டூவின் மற்றொரு துணி டியூல் எனப்படும் வலைத்துணி. பிரான்சிலுள்ள டியூல் என்னும் ஊரின் பெயரே துணிக்கும் பெயர். முன்பு வலையைப் பெண்கள் கையாலேயே பின்னினர். 1808, 1809ஆம் ஆண்டுகளில் ஜான் ஹீத்கோட் என்னும் ஆங்கிலேயர் அதற்கு இயந்திரம் கண்டு காப்புரிமை பெற்றார். பாவு நூல்கள் நேரே நிற்க, தட்டையான சிறு உருளைகளிலிருந்து வரும் நூல்கள் அவற்றை முறுக்கிச் சுற்றியவாறு சாய்வாகச் செல்லும். அதனால் அறுகோணக் கண்கள் உண்டாகும். நூல்கள் ஒன்றையொன்று பிணைத்திருப்பதால் வெட்டிய ஓரம் பிரியாது. ஓரம் மடித்துத் தைக்க வேண்டாத துணி! பத்து அடுக்கு வைத்தாலும் பாவாடை கனக்காமலிருப்பதன் ரகசியங்களுள் இதுவும் ஒன்று.

1816 ஜூன் மாதத்தில் ஓர் இரவு, இயந்திரங்களை உடைப்பதையே வழியாகக் கொண்ட லடைட்டுகள் லஃப்பரோ நகரில் ஹீத்கோட்டின் ஆலையுட் புகுந்து 55 இயந்திரங்களை நொறுக்கினர். அவர்களுள் சிலர் பின்னர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய கோபம் எங்கிருந்து வந்தது என்பதை விசைத்தறியின் வரவைக் கண்ட கைத்தறியாளருக்கு விளக்க வேண்டியதில்லை. ஹீத்கோட் அவ்வூரை விட்டுத் தெற்கே டிவர்ட்டனுக்குச் சென்றார். தொழிலாளர் பலரும் உடன் சென்றனர். அந்த நிறுவனம் அங்கு இன்றும் நடைபெறுகிறது. 2021இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய அமெரிக்க ஆய்வூர்தியின் பாரசூட்டுக்குத் துணி நெய்ததும் அதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டியத்தின் கால்வேலை கடினமாயிற்று. அதைக் காண்போர் பார்க்க வேண்டுமென்று பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியது. 1885இல் ருஷ்யாவுக்குச் சென்ற இத்தாலிய நடன மாது விர்ஜீனியா ஸுக்கி, குட்டைப் பாவாடையே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார் என்பர். பின்னர் அது தட்டையாக விரியலாயிற்று. இதன் அமைப்பு எளிது போலத் தோன்றும். ஆனால் அடியடுக்கு மிகக் குறுகியது, மேலே செல்லச்செல்ல நீண்டது. கீழடுக்கு மேலடுக்கைத் தாங்கும். அடுக்குகள் ஒன்றாக அசையும்படி இடையிடையே தளர்ந்த தையலிடுவர். விரிப்புக் குலையாதிருக்க எஃகுக் கம்பி வளையம் கோப்பதும் உண்டு. பலர் நெருங்கி ஆடும்போது அவ்வளையங்கள் முட்டிக்கொண்டன. 1950இல் நியூயார்க்கில் பாலன்சின் அமைத்த பாலேக்காகப் பார்பரா கரின்ஸ்கா என்னும் உடையமைப்பாளர் வளையமில்லாத மென்மையான டூட்டூவைத் தைத்துக் கொடுத்தார். டூட்டூவைத் தலைகீழாகத் தொங்கவிட்டே காப்பர். நீரில் நனைத்தால் விறைப்புப் போய்விடும் என்பதால் வோட்காவைத் தெளித்து வியர்வை வாடை போக்கும் வழக்கமும் உண்டு. இச்செலவைக் கணக்கில் எத்தலைப்பின் கீழ் எழுதுவார்களோ!

பாரிஸ் உடையமைப்பாளர் கிறிஸ்தியான் தியோர், 1947ஆம் ஆண்டுக்குப் பின் டியூலை அடுக்கடுக்காக வைத்து விருந்துடைகளைத் தைத்தார். மேடைப் பாவாடையின் விரிப்பு சீமாட்டிகளின் உடைக்கும் வந்தது. அக்காலத்திலேயே நைலான் வலையும் பரவிற்று. அதற்குக் கஞ்சி வேண்டாம், ஈரத்தில் துவளாது, விலையும் குறைவு.

அதன் வழித்தோன்றல் இன்று நம்மூர்க் கடைகளிலும் தொங்குகிறது. பிறந்தநாளுக்குப் பெண் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை வாங்கியது போக, ‘நெட்’ கவுன் வாங்குவோர் மிகுந்துவிட்டனர். நம் சங்கங்களின் பாவாடைத் துணி விற்பனைக்கு இது போட்டி என்பது ஒருபுறமிருக்க, வாங்குவோர் அறிய வேண்டியது வேறொன்று. நைலானும் பாலியஸ்டரும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிறந்தநாள் மெழுகுவத்தியும் கார்த்திகை விளக்கும் குழந்தையின் பாவாடை உயரத்திலேயே எரிகின்றன. உள்ளே கனத்த பருத்தி உட்துணி உண்டா என்று கவுனைத் திருப்பிப் பார்த்து வாங்குவதற்கு அரை நிமிடமே ஆகும்.