காயம்பட்டவரின் கல்லூரி இடம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கஃப் சாலைப் பெயரில் 2008ஆம் ஆண்டு ஓர் இலவச உணவுத் திட்டம் தொடங்கியது. ‘டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ’ என்ற தொண்டமைப்பின் முயற்சி அது. அங்கே சாப்பிட வருபவர்களில் பலர் வேலையிடத்தில் அடிபட்டு இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள். கை உடைந்த ஊழியர் கட்டுமானத் தளத்துக்குத் திரும்ப முடியாது. வழக்கு முடியும்வரை ஊருக்குப் போகவும் மனம் வராது. அவர் நிலைமை கடினமானதுதான். ஆனாலும் அவர் காலூன்றி நிற்க ஒரு சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, முதலாளிமேல் தவறு இருந்ததா இல்லையா என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக்கான ஊதியம், நிரந்தர ஊனத்துக்கான தொகை மூன்றும் அவருக்குச் சேர வேண்டியவை. இப்படி ஒரு சட்டம் எழுந்ததற்குக் காரணமான எண்ணம் எளியது: ஒருவருடைய உடலுழைப்பில் பயன் பெறுகிறவர், அந்த உடல் பழுதானால் அதன் செலவிலும் பங்கேற்க வேண்டும். அதே உடலை ஒரு கல்லூரி அணிக்காகவோ நாட்டுக்காகவோ உழைக்கக் கொடுக்கும் மாணவரிடம் வந்தவுடன் இந்த எண்ணம் ஏன் தடுமாறுகிறது? அவருக்கு இருப்பது வேலை ஒப்பந்தம் அன்று, உபகாரச் சம்பளம். அடிபட்டவுடன் அதுவும் போகலாம் என்றால் அவருக்கு மிஞ்சுவது என்ன?

இந்தக் கேள்வியோடு அதிக காலம் மல்லுக்கட்டிய நாடு அமெரிக்கா. 1955இல் கொலராடோ மாநிலக் கல்லூரி ஒன்றின் அமெரிக்கக் காற்பந்து அணிக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். விளையாடுவது கல்லூரியின் தொழிலில் சேராது, ஆகவே டெனிசன் ஊழியரல்லர் என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974இல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்காக ஆடும்போது கழுத்தெலும்பு நொறுங்கி உடல் செயலிழந்த கென்ட் வால்ட்ரெப்பும் அதே இழப்பீட்டைக் கேட்டுப் போராடினார். 2000ஆம் ஆண்டில் அவருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. இரண்டு தீர்ப்புகளும் ஒரு வழியை அடைத்தன. அதன் பிறகு பல ஆண்டுகள் காயம்பட்ட மாணவருக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் கல்லூரி மனமிரங்கிக் கொடுத்ததுதான். உரிமை என்று எதையும் அவர் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மனமிரக்கம் எப்போது சுரக்கும் என்பதைக் கூடைப்பந்தில் பார்க்கலாம். 2013 மார்ச் 31 அன்று லூயிவில் அணியின் கெவின் வேர் எதிரணி வீச்சைத் தடுக்கத் தாவி இறங்கியபோது, கீழ்க்காலெலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்தது. லட்சக்கணக்கான வீடுகளின் தொலைக்காட்சியில் அது தெரிந்தது. அவருடைய செலவைப் பல்கலைக்கழகம் ஏற்றது. ஏற்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் பெரும்பாலான காயங்கள் அப்படி ஊரறிய நேர்வதில்லை. பயிற்சிக்கூடத்தில் ஒரு திருப்பத்தின்போது முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோகும். பார்த்தவர்கள் சக ஆட்டக்காரர்கள் மட்டுமே. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆடுகளத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் என்பது இன்றைய மருத்துவ வழக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்போ 1973 முதல் 2012 வரை உபகாரச் சம்பளத்தை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதாகவே வைத்திருந்தது. சம்பளத்தின் ஆயுள் ஓராண்டு, முழங்கால் ஆறுவதற்கும் கிட்டத்தட்ட ஓராண்டு. புதுப்பிக்கும் நாளில் அந்த மாணவர் இன்னும் ஊன்றுகோலோடு நிற்பார் அல்லது ஓடிப் பழகத் தொடங்கியிருப்பார். பயிற்றுவிப்பாளர் கொடியவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு அன்று அனுமதி 13 உபகாரச் சம்பளங்கள். அதில் ஒன்றை ஆட முடியாதவர் வைத்திருந்தால் அணி பலவீனப்படும். விதியே பயிற்றுவிப்பாளரைப் புதுப்பிக்காத முடிவுக்குத் தள்ளியது. இதே அமைப்பு 2010இல் தனது ஆண்கள் கூடைப்பந்துப் போட்டித் தொடரை ஒளிபரப்பும் உரிமையை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது. பணமில்லாத இடத்தில் நடந்த கதையன்று இது.

சிங்கப்பூரில் பல்கலைக்கழக அணிகளைச் சுற்றி அப்படியொரு சந்தை இல்லை. இங்கே இளம் விளையாட்டாளரைத் தாங்குவது பெரும்பாலும் பொதுப்பணம். 2013இல் தொடங்கிய ஸ்பெக்ஸ் உபகாரச் சம்பளம் அதில் முக்கியமானது. உலக அளவிலும் ஆசிய அளவிலும் சாதிக்கக்கூடியவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் பயிற்சி ஆதரவும் தருவது அதன் நோக்கம். சாதனையை வைத்துக் கொடுப்பதால் சாதனை குறையும்போது எடுத்துக்கொள்ளவும்படுகிறது. ஓட்டக்காரர் சாந்தி பெரேராவின் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளில், சொந்த மண்ணில், 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1973இல் குளோரி பர்னபாஸ் வென்ற பிறகு 42 ஆண்டு கழித்து வந்த தங்கம் அது. அடுத்து வந்த ஆண்டுகளில் தொடைத்தசைக் காயங்கள் அவரைத் துரத்தின, நேரங்கள் மேம்படவில்லை, உபகாரச் சம்பளம் கைநழுவியது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடினார். 2022இல் ஹனோயில் மீண்டும் தங்கம். 2023 ஆகஸ்ட்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 22.57 விநாடி. அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம். 1974இல் டெஹ்ரானில் சீ சுவீ லீ வென்றதற்குப் பின் திடல்தடத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் அதுதான். உபகாரச் சம்பளமும் அந்த ஆண்டே திரும்ப வந்தது.

இந்தக் கதையை எதிர்வாதத்துக்கும் பயன்படுத்தலாம். உதவி நின்றபோதும் அவர் மீண்டு வந்தாரே, திறமை தானே வழி கண்டுபிடிக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். மீண்டவரை நாம் அறிவோம். மீள்வதற்குள் கட்டணம் கட்டவும் வாடகை கொடுக்கவும் முழுநேர வேலைக்குப் போய், பயிற்சியை விட்டவர்களை எந்தப் பதக்கப் பட்டியலும் காட்டாது. ஒருவரின் வெற்றியை வைத்து ஒரு முறையைச் சரியென்று சொல்ல முடியாது. அந்த முறை எத்தனை பேரை வழியில் இழந்தது என்று கேட்கவேண்டும். இதைவிட வலுவான எதிர்வாதம் நிதியைப் பற்றியது. பொதுப்பணம் அளவானது, ஆட முடியாதவருக்குக் கொடுத்தால் ஆடக்கூடிய ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு வாய்ப்பு போகும். இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் உதவி என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன: அணியில் இடம், படிப்பும் சிகிச்சையும். முதலாவது ஆட்டத்திறனைப் பொறுத்தது. அதைப் பறிப்பதில் அநியாயம் இல்லை. இரண்டாவது, அணிக்காக ஆடியபோது ஏற்பட்ட சேதத்தின் கணக்கு. முதலாவதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதைத் தொடரலாம்.

இது கற்பனை அன்று. இனி ஆடவே முடியாது என்று மருத்துவர் சொன்ன மாணவரை அணியின் எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிட்டு, படிப்புக்கான உதவியைத் தொடர என்சிஏஏ விதிகள் நெடுங்காலமாக இடம் கொடுத்தன. பயிற்றுவிப்பாளருக்கு ஓர் இடம் கிடைக்கும், மாணவர் பட்டத்தோடு வெளியேறுவார். ஆனால் இந்த வழியிலும் ஒரு குழி உண்டு. அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணியில் ஆடக்கூடிய நிலையில் இருந்த சிலரும் இந்த ஏற்பாட்டுக்குள் தள்ளப்பட்டதாகக் கருதியதை 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. இடம் காலியாவது அணிக்கு லாபம் என்றால், ‘நீ தேறமாட்டாய்’ என்று சொல்ல அவசரம் பிறக்கும். தேறுவாரா என்று சொல்லும் மருத்துவர் அணியிடம் சம்பளம் வாங்காதவராக இருக்கவேண்டும் என்பது இதனால்தான் முக்கியமாகிறது. காயத்தைப் பொய்யாகச் சொல்லி உதவியை வைத்துக்கொள்வார்கள் என்ற அச்சத்துக்கும் அதே மருத்துவர்தான் விடை. உண்மையில் இளம் ஆட்டக்காரர்கள் செய்யும் பொய் பெரும்பாலும் நேர்மாறானது: இடம் போய்விடும் என்று வலியை மறைக்கிறார்கள். உதவி உறுதியாக இருந்தால் மறைக்கவேண்டிய தேவை குறையும், சிறு காயம் பெரிதாகுமுன் வெளியே வரும்.

அமெரிக்க விதிகள் மெல்ல மாறின. பெரிய வருமானமுள்ள பல்கலைக்கழகங்கள், காயத்தால் உபகாரச் சம்பளம் இழந்தவர்களுக்கு ஈடான உதவி தரவேண்டும் என்று 2012இல் கலிஃபோர்னியா சட்டமியற்றியது. 2015 ஜனவரியில் ஐந்து பெரிய கூட்டமைப்புகள், ஆட்டத்தைக் காரணம் காட்டி உதவியை நிறுத்துவதில்லை என்று வாக்களித்தன. 2024 ஆகஸ்ட்டிலிருந்து என்சிஏஏவின் முதல் பிரிவுக் கல்லூரிகள் அனைத்தும் அந்தப் பாதுகாப்பைத் தரவேண்டும். விளையாட்டுக் காயங்களுக்கு, மாணவர் கல்லூரியை விட்டபின் இரண்டு ஆண்டுவரை மருத்துவச் செலவையும் ஏற்கவேண்டும். இதனால் கல்லூரி அணிகள் மூழ்கிவிடவில்லை. மாறாக, 2025 ஜூனில் ஏற்கப்பட்ட நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு அதே கல்லூரிகளில் பல ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கின்றன. செலவு தாங்காது என்ற முந்தைய வாதத்துக்கு இப்போது நிற்க இடமில்லை.

சிங்கப்பூர் இதற்காகப் புதிய சட்டம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒலிம்பிக் தங்கத்துக்குப் பத்து லட்சம் வெள்ளி பரிசு அறிவித்திருக்கும் நாடு இது. உச்சியில் நிற்பவரைக் கௌரவிக்கத் தயங்குவதில்லை. உபகாரச் சம்பள ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு போதும்: பயிற்சியிலோ போட்டியிலோ ஏற்பட்ட காயம் என்று தனி மருத்துவர் சான்றளித்தால், சிகிச்சையும் கல்விக் கட்டணமும் மறுவாழ்வுக் காலம் முடியும்வரை, அல்லது படிப்பு முடியும்வரை, தொடரும், அந்தக் காலத்தில் பதக்க இலக்கு கணக்கில் கொள்ளப்படாது. மறுபரிசீலனை அதன் பிறகு நடக்கட்டும். பல்கலைக்கழகங்கள் தரும் விளையாட்டு உதவிகளிலும், தமிழகக் கல்லூரிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கும் பிள்ளைகளுக்குத் தரும் கட்டணச் சலுகையிலும், இதை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வைக்கவேண்டும். எழுத்தில் இல்லாத சலுகையை அடுத்த முதல்வரோ அடுத்த பயிற்றுவிப்பாளரோ தொடரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்படி எழுதும்போது கால அளவைக் கவனமாகக் குறிக்கவேண்டும். அமெரிக்காவின் இரண்டு ஆண்டுக் கெடு முழங்காலின் கணக்குக்குப் பொருந்தாது. முன் சிலுவைத் தசைநார் அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து முதல் இருபது ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. இருபது வயதில் அணிக்காக விழுந்தவர் முப்பத்தைந்தில் படியேறச் சிரமப்படும்போது, அந்த மருத்துவச் செலவுக்குக் கல்லூரியோ சங்கமோ பொறுப்பேற்பதாக ஒப்பந்தம் எழுதுவது இன்னும் பரவலான வழக்கமாகவில்லை.