32,768 சாவிகள்

2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தை ஒட்டி முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும் முடக்கம், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி இன்னொன்று. வடக்கில் உள்ளவர்களுக்கு இந்தக் கதை இன்னும் பழையது. 2007 ஜூனிலேயே தமிழ்நெற் இணையத்தளம் இலங்கைக்குள் தடுக்கப்பட்டுவிட்டது.

தடை வந்ததும் எல்லோரும் விபிஎன்னைத் தேடுகிறோம். ஆனால் விபிஎன் நடத்தும் நிறுவனத்துக்கு நாம் யார் என்பதும் தெரியும், எங்கே போகிறோம் என்பதும் தெரியும். டோர் வலையமைப்பு இந்த இரண்டையும் பிரித்துவைக்கிறது. 1990களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் பிறந்த யோசனை இது. சாவகச்சேரியில் ஒருவர் டோர் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அவருடைய கோரிக்கை மூன்று கணினிகளைத் தாண்டிப் போகும். முதலாவதுக்கு அவருடைய முகவரி தெரியும், அவர் போகும் இடம் தெரியாது. மூன்றாவதுக்கு இடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. ரிலே என்று சொல்லப்படும் இந்தக் கணினிகள் உலகெங்கும் பல ஆயிரம் இருக்கின்றன. பெரும்பாலும் தன்னார்வலர்களே அவற்றை நடத்துகிறார்கள். நாமும் ஒன்றை நடத்தலாம்.

நடத்த முன்வருபவர் முதலில் கேட்பது, எந்த இயங்குதளம் நல்லது என்று. நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கச் சொல்வேன்: மற்றவர்கள் எதை வைத்திருக்கிறார்கள்?

இதை ஊகிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ரிலேயும் தன்னைப் பற்றி வெளியிடும் குறிப்பில், எந்தப் பதிப்பு டோர், எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை யாரும் எண்ணிப் பார்க்கலாம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லினக்ஸ். மூன்று ரிலேக்களைத் தேர்ந்தெடுக்கும்போது டோர் கவனமாகத்தான் இருக்கிறது. ஒரே ஆள் நடத்துவதாக அறிவித்த இரண்டை ஒரே பாதையில் சேர்க்காது, பக்கத்துப் பக்கத்து இணைய முகவரிகளையும் சேர்க்காது. ஆனால் மூன்றும் ஒரே இயங்குதளமா என்று அது பார்ப்பதில்லை.

அதில் என்ன ஆபத்து என்பதை 2008 காட்டியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2006 செப்டம்பரில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியீட்டு நிரலைத் துப்புரவு செய்தார். பிழை கண்டறியும் கருவியொன்று சில வரிகளைக் காட்டி எச்சரித்தது, அவர் அவற்றை நீக்கினார். இரகசியச் சாவிகளை ஊகிக்க முடியாதபடி ஆக்குவதற்கு வேண்டிய தற்செயலை உள்ளே சேர்த்த வரியும் அதோடு போய்விட்டது. மிஞ்சியது ஒன்றுதான்: ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண். அது 32,768ஐத் தாண்டாது. அண்டத்தின் ஆயுள் முழுக்கத் தேடினாலும் அகப்படாதிருக்க வேண்டிய சாவி, வகைக்கு 32,768 சாவிகள் கொண்ட ஒரு சின்னப் பட்டியலுக்குள் அடங்கிவிட்டது. சாதாரணக் கணினி ஒன்றே அத்தனையையும் செய்து அடுக்கிவைத்துவிடும்.

2008 மே 13 இல் விடயம் வெளியே வந்தது. எந்தெந்த ரிலேக்கள் நம்பத்தக்கவை என்று மணிக்கொரு தடவை வாக்களித்துப் பட்டியல் போடும் சில தலைமைக் கணினிகள் டோரில் உண்டு. அவற்றில் மூன்றின் சாவிகள் பழுதான டெபியனில் செய்யப்பட்டவை. அன்றே புதிய பதிப்பு வெளியிட்டு அந்த மூன்றையும் தூக்கி எறிய வேண்டியிருந்தது. இப்படிப் போதிய சாவிகள் ஒருவர் கையில் சிக்கினால், பொய்ப் பட்டியலையே மெய்யென்று காட்டலாம். அந்தக் கணினிகளை நடத்தியவர்கள் திறமைசாலிகள், ஒருவரை ஒருவர் சாராதவர்கள். இருந்தும் ஒரே வரியின் குறை அவர்களை ஒன்றாகப் பிடித்தது.

நீர்வேலி வாழைத்தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. கதலியும் கப்பலும் இதரையும் கலந்து நிற்கும் மண்ணில் ஒரு நோய் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சாய்ப்பது கடினம். உலகச் சந்தைக்கென்று குரோ மிஷேல் என்ற ஒரே இனத்தை நட்ட பெருந்தோட்டங்களை, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பனாமா வாடல் நோய் அழித்துத் தீர்த்தது.

அதனால்தான் ஃபிரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்றவற்றில் ஓடும் ரிலேக்களுக்குத் தனி மதிப்பு. பெர்க்லி பல்கலைக்கழகத்து யுனிக்ஸிலிருந்து கிளைத்த அவை, லினக்ஸின் கருநிரலைப் பயன்படுத்துவதில்லை. ஓப்பன்பிஎஸ்டியில் எனக்குப் பிடித்தது, ஒரு நிரல் தொடக்கத்திலேயே "இனி எனக்கு இவ்வளவு அனுமதி போதும்" என்று உறுதி கொடுத்துவிடலாம் என்பது. பிறகு அதை யாராவது கைப்பற்றி எல்லை மீறவைத்தால், இயங்குதளம் அந்த நிரலை அந்த இடத்திலேயே கொன்றுவிடும். ஆனாலும் பெயர் வேறாக இருந்தால் மட்டும் போதாது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை தெரியவந்தபோது, லினக்ஸோடு பிஎஸ்டிகளும் அகப்பட்டன, ஏனென்றால் உள்ளே இருந்தது அதே நிரல்தான். அந்த மாதமே ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் அதைப் பிரித்தெடுத்துத் திருத்தி, லிபர்எஸ்எஸ்எல் என்று தனியாக வளர்க்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவு சொன்னாலும், பிஎஸ்டியை ஒருநாளும் தொட்டிராத ஒருவருக்கு நான் டெபியனைத்தான் சொல்வேன். அதில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக இறங்கவைக்கலாம். ஓப்பன்பிஎஸ்டியில் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும், பின்னால் உள்ள இரண்டுக்கு மட்டுமே திருத்தம் கிடைக்கும். கவனிப்பாரற்றுக் கிடக்கும் அரிய இயங்குதளம், ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும் சாதாரணமானதைவிட ஆபத்தானது. ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு மற்றதற்குப் போகலாம், அவசரமில்லை.

யாழ்ப்பாணத்து வீட்டில் இதைவிடப் பெரிய தடைகள் வேறு. ரிலேக்கு இரண்டு பக்கமும் நொடிக்கு 10 மெகாபிட் வேகமும், மாதம் குறைந்தது 100 கிகாபைட் அனுப்பும் வசதியும் வேண்டும். தரவு அளவு கட்டுப்பட்ட இணைப்பென்றால் டோரிலேயே மாத வரம்பு போட்டுவைக்கலாம். புதிய ரிலேயை வலையமைப்பு மெல்லத்தான் நம்பும். முதல் மூன்று நாள் போக்குவரத்து அதிகம் வராது, எட்டாம் நாளளவில்தான் முதற்கணினியாகத் தகுதி பெறலாம், அறுபத்தெட்டு நாளளவில்தான் நிலைப்படும். அடிக்கடி மின்வெட்டு வந்து அணைந்தால் இந்தத் தகுதி கைக்கு வராது, ஆகவே யூபிஎஸ் தேவை. மூன்றாவது கணினியாக, அதாவது வெளிவாசலாக, வீட்டு இணைப்பில் நடத்தக் கூடாது. முன்பின் தெரியாதவர் செய்ததற்கெல்லாம் உங்கள் முகவரிதான் பதில் சொல்ல நேரும். முதற்கணினியாகவோ நடுக்கணினியாகவோ இருந்தால் போதும்.

4ஜி ரவுட்டர் மட்டுமே உள்ள வீடுகளுக்குப் பெரும்பாலும் தனிப் பொது முகவரி கிடையாது, ரிலே ஓடாது. அங்கே ஸ்னோஃப்ளேக் நீட்சியை உலாவியில் சேர்க்கலாம். டோர் தடுக்கப்பட்ட நாட்டில் இருக்கும் யாரோ ஒருவர் அதன் வழியாக வலையமைப்புக்குள் நுழைவார். அதற்கு விண்டோஸும் சரி, லினக்ஸும் சரி, எதுவானாலும் போதும்.