தீமையின் வேரைத் தேடும் ஒரு நாவல்

துப்பறியும் நாவல்களை விரும்பிப் படிப்போர் நம் இல்லங்களில் பலர் உளர். அக்கதைகளுள் பெரும்பாலானவை 'கொன்றவன் யார்?' என்னும் வினாவோடு தொடங்கி, அதற்கு விடை கிடைத்ததும் முடிந்துவிடுகின்றன. 'அவன் ஏன் அவ்வாறு ஆனான்?' என்னும் வினாவை முதன்மையாக எழுப்பும் கதைகள் சிலவே. அமெரிக்க எழுத்தாளர் கேலப் கார் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஏலியனிஸ்ட்' அத்தகையது. அது வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அதனைப் போற்றுவோரும் தூற்றுவோரும் இன்றும் உளர். இரு சாரார் கூற்றையும் நடுநின்று ஆராய்வது குடும்பத்தாருக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

கதையும் களமும்

கதை நிகழ்வது 1896ஆம் ஆண்டின் நியூயார்க் நகரில். அந்நாளில் மனநோயுற்றோரைத் தம் மெய்யியல்பினின்றே அந்நியப்பட்டவர் எனக் கருதினர். ஆதலின் அவர்களை ஆராய்ந்த மருத்துவர் 'ஏலியனிஸ்ட்' எனப்பட்டனர். அத்தகைய மருத்துவரே கதைத் தலைவர் லாஸ்லோ கிரைஸ்லர். இன்று குற்றவியல் உளவியலார் என்போமே, அவர்களுக்கு முன்னோடி எனலாம்.

புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்களின் சிறுவர்கள், அதிலும் விபசார விடுதிகளில் விலைப்பொருளாக்கப்பட்டவர்கள், ஒருவர்பின் ஒருவராகக் கொடூரமாகக் கொல்லப்படுகின்றனர். அவர்களைத் தேடுவாரும் இல்லை, அவர்களுக்காக அழுவாரும் அரியர். அப்போது நகரக் காவல் ஆணையக் குழுவின் தலைவராய் இருந்தவர், பின்னர் 1901இல் நாட்டின் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட். அவர் இவ்வழக்கை மறைவாகக் கிரைஸ்லரிடம் ஒப்படைக்கிறார். ஒரு செய்தியாளர், காவல் தலைமையகத்தில் பணிபுரியும் ஒரு பெண்மணி, இரு துப்பறியும் சகோதரர்கள் ஆகியோர் அவருக்குத் துணையாகின்றனர். காயங்களின் தன்மை, கொலை நிகழும் நாள், கொலையாளி எழுதிய கடிதம் ஆகியவற்றைக்கொண்டு, முகமறியாத ஒருவனின் உள்ளத்தை அவர்கள் சிறிது சிறிதாக வரைகின்றனர்.

வாசகர் கூறுவன

இந்நூலைப் போற்றுவோர், பழைய நியூயார்க்கைக் கண்முன் நிறுத்தும் திறத்தையே முதலிற் கூறுவர். ஒருபுறம் செல்வர் கூடி உண்ணும் டெல்மோனிகோ உணவகம், மறுபுறம் காற்றும் வெளிச்சமும் புகாத ஏழையர் குடியிருப்பு. இரண்டையும் ஆசிரியர் ஒரே அக்கறையோடு வருணிக்கிறார். அவர் அடிப்படையில் வரலாற்றாசிரியர். ஆதலின் இப்பாராட்டு பொருத்தமானதே.

குறை கூறுவோருள் ஒரு சாரார், இக்காலத்து அறிவை அக்காலத்தில் புகுத்திவிட்டார் என்பர். இதில் ஓரளவே உண்மை உண்டு. அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை நடத்தைஅறிவியல் பிரிவைத் தொடங்கியது 1972இல்தான். எனினும் 1888ஆம் ஆண்டிலேயே, இலண்டனில் பெண்களைக் கொன்று திரிந்த 'ஜாக் த ரிப்பர்' எத்தகைய மனிதனாய் இருக்கக்கூடும் என்று தாமஸ் பாண்ட் என்னும் மருத்துவர் எழுத்து மூலம் கருத்துரைத்துள்ளார். ரூஸ்வெல்ட் 1895இல் ஒரு பெண்ணைக் காவல் குழுவின் செயலாளராக அமர்த்தியதும் வரலாறே. ஆகவே கதையின் வித்து அக்காலத்திலேயே இருந்தது. விளைச்சலைத்தான் ஆசிரியர் சற்று முந்தி அறுத்துவிட்டார்.

மற்றொரு சாரார், கொடுமைகளை இத்துணை விரிவாகக் காட்டுதல் தகுமோ என வினவுகின்றனர். இக்குறை புறக்கணிக்கத்தக்கதன்று. சிதைக்கப்பட்ட உடல்களைப் பற்றிய பகுதிகள் சில, கதைக்கு வேண்டிய அளவைக் கடந்தே செல்கின்றன. பிறர் துன்பத்தைப் படித்துக் கிளர்ச்சி கொள்ளும் பழக்கம், இரக்கத்தை மெல்ல மெல்ல மரத்துப்போகச் செய்யும். எனவே இது சிறுவர் கைக்கும் இளையோர் கைக்கும் உரிய நூலன்று என்பதை ஐயமின்றிக் கூறுகிறோம்.

புரிந்துகொள்வது மன்னிப்பதாகுமோ?

எல்லாவற்றிலும் கனமான குற்றச்சாட்டு வேறொன்று. கொலையாளியின் இளமைப் பருவத்தைத் துருவி, அவன் பட்ட அடிகளையும் அவமானங்களையும் எண்ணிக் காட்டினால், அவனுடைய குற்றம் கரைந்துபோகாதோ என்பதே அது.

ஆனால் கிரைஸ்லர் கூறுவதைக் கூர்ந்து நோக்க வேண்டும். கொலையாளி பித்தன் அல்லன் என்று அவர் கதை நெடுகிலும் வற்புறுத்துகிறார். தன் செயல் இன்னதென்றும் அது தவறென்றும் அறிய இயலாத அளவுக்கு மனம் கெட்டவனே பொறுப்பினின்று விடுபடுவான் என்னும் விதி, 1843இல் இங்கிலாந்தில் மக்நாட்டன் வழக்கையொட்டி வகுக்கப்பட்டது. இக்கொலையாளியோ திட்டமிடுகிறான், காத்திருக்கிறான், தடயத்தை மறைக்கிறான். அவன் வந்த வழியை விளக்கும் மருத்துவரே அவன் பொறுப்பை மறுக்கவில்லை.

நமது ஒழுக்க இறையியலும் இவ்வேறுபாட்டை நெடுங்காலமாய் அறியும். செயலின் தீமை வேறு, செய்தவனின் குற்றப்பொறுப்பின் அளவு வேறு. அச்சம், வற்புறுத்தல், பழக்கம், உள்ளத்தின் காயங்கள் ஆகியவை பொறுப்பைக் குறைக்கலாம் என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. குறைக்கலாம் என்பதனால் தீமை நன்மையாகிவிடாது. அடிபட்டு வளர்ந்தோர் அனைவரும் கொலைஞராவதும் இல்லை. வேரை ஆராய்வது, அடுத்த செடி நச்சு மரமாகாமல் தடுக்கவே.

இதனை ஆசிரியரின் வாழ்வே உணர்த்துகிறது. அவருடைய தந்தை லூசியன் கார் 1944இல் ஒருவரைக் கொன்று சிறை சென்றவர். அத்தந்தையிடம் சிறுவயதில் தாம் அடிபட்டதைக் கேலப் கார் பின்னாளில் வெளிப்படையாகவே கூறியுள்ளார். வன்முறையின் தோற்றுவாய் யாதென்று அறிவதே அவருக்கு வாழ்நாள் வினாவாயிற்று. அவர் ஏந்தியது பேனாவையே. 2024ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார்.

நம்மைச் சுடும் பக்கங்கள்

கத்தோலிக்க வாசகருக்கு மனத்தாங்கல் தரும் பகுதியொன்றும் இதில் உண்டு. கொலையுண்ட சிறுவனின் ஏழைப் பெற்றோரிடம் இரு குருக்கள் வருகின்றனர். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் புரொட்டஸ்டாண்டு சபையினர். பணம் கொடுத்து அவர்களின் வாயை அடைக்க முயல்கின்றனர். அந்நாளில் உண்மையாகவே நியூயார்க் பேராயராய் இருந்த மைக்கேல் காரிகனும் விசாரணையை விரும்பாதவராகச் சித்திரிக்கப்படுகிறார். இவை கற்பனை நிகழ்ச்சிகள். வரலாறென்று எவரும் கொள்ளலாகாது.

ஆயினும் 'கற்பனை' என்று தள்ளிவிட்டு அமைதியாய் இருக்க நம்மால் இயலுமோ? குருக்கள் சிலரால் சிறுவர் சீரழிக்கப்பட்டதையும், அது மூடி மறைக்கப்பட்டதையும் 2002இல் போஸ்டன் நகர நாளிதழ் ஒன்று வெளிக்கொணர்ந்தது. அதன்பின் இப்பக்கங்களைப் படிக்கும் எந்தக் குருவும் தலைகுனியாதிருக்க முடியாது. இத்தகைய முறையீடுகளைக் குருக்களும் துறவியரும் மேலிடத்திற்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் சட்டம் வகுத்தார். நிறுவனத்தின் பெயரைக் காப்பதா, குழந்தையைக் காப்பதா என்னும் கேள்விக்கு இரு விடைகள் இல்லை.

எனவே, கொலையாளி பிடிபட்டானா என்பது மட்டுமே இந்நூலைப் படித்து முடித்தவரின் எண்ணமாக இருந்தால், அவர் பாதியையே படித்தவராவார். அச்சிறுவர்கள் உயிரோடிருந்தபோது யாருடைய கண்ணிலும் படவில்லையே என்பதுதான் மறுபாதி. முதிர்ந்த வாசகர்கள் கொடுமைப் பக்கங்களை விரைந்து கடந்து, இதனைத் தம் துணைவருடன் அமர்ந்து உரையாடுவார்களாக. நம் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஒரு குழந்தை தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வரும்போது, 'பேசாதே' என்று அடக்காமல், அருகழைத்து, முழுதும் கேட்டு, ஆவன செய்வோமாக.