வெட்டிய கரும்பு காத்திருக்குமா?

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண்மணி யாரையாவது கேட்டுப் பாருங்கள். வெட்டிய கரும்பு ஒரு நாளைக்குள் ஆலைக்குள் போய்விட வேண்டும் என்பார். வண்டியோடு வெயிலில் காய்ந்தால் எடையும் குறையும். சாற்றிலுள்ள சர்க்கரையும் குறையும்.

லஞ்ச வழக்குகளில் சாட்சியமும் இப்படித்தான், சகோதரிகளே! போன மாதப் பால் கணக்கையே பால்காரருடன் சண்டை போடாமல் தீர்க்க முடிகிறதா? பத்து வருஷத்துக் கணக்கு என்றால்?

இதே மாவட்டத்து வேலூரில் பிறந்தவர் ஆ. ராசா. மத்திய சர்க்காரில் தொலைத் தொடர்பு மந்திரியாக இருந்தார். நம் கைப்பேசிப் பேச்சைச் சுமந்து செல்லும் அலைவரிசை பொதுச் சொத்து அல்லவா? 2008 ஜனவரியில் அதற்கான உரிமங்களை ஏலம் விடாமல் கொடுத்தார்கள் என்பதுதான் விவகாரத்தின் தொடக்கம். 1,76,000 கோடி ரூபாய் வரை நஷ்டம் இருக்கலாம் என்று தணிக்கை அதிகாரி 2010-ல் மதிப்பிட்டார். அது உத்தேசக் கணக்குத்தான். யார் பெட்டியிலும் எண்ணிப் பார்த்த பணமல்ல. ஆனால் ஊர் வாயில் அந்தத் தொகை மட்டுமே நின்றது.

தாமதமோ அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. மந்திரி மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டு, சுப்பிரமணியன் சுவாமி 2008 நவம்பர் 29-ல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது 2010 மார்ச் 19-ல்! அதுவும், இப்போது அதற்குக் காலம் வரவில்லை என்ற பதில். இத்தகைய அனுமதியை மூன்று மாதத்தில் தீர்மானிக்க வேண்டும்; சட்ட ஆலோசனை வேண்டுமானால் இன்னும் ஒரு மாதம் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது.

நம் நாட்டில் எல்லாம் இப்படித்தான் என்று அலுத்துக் கொள்ளாதீர்கள். 1957-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், ஏழை எளியவர்கள் கட்டிய பிரீமியப் பணத்தில் 1 கோடியே 24 லட்சம் ரூபாயை முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் போட்டது. 1958 ஜனவரியில் நீதிபதி சாக்ளாவை விசாரிக்க நியமித்தார்கள். பம்பாயில் பகிரங்க விசாரணை. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்களாம். பிப்ரவரியில் அறிக்கை தயார்! அதே மாதம் நம் சென்னைக்காரரான நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமாச் செய்தார். விசாரணைக் கமிஷன் வேறு, கிரிமினல் வழக்கு வேறுதான். இருந்தாலும் கரும்பு காய்வதற்குள் ஆலை ஓடியது, பாருங்கள்.

ராசாவின் கதைக்கு வருவோம். 2011 பிப்ரவரியில் கைதானார். பதினைந்து மாதம் சிறை. சாட்சிகள், தஸ்தாவேஜுகள் என்று வழக்கு வளர்ந்தது. 2017 டிசம்பர் 21-ல் அனைவரும் விடுதலை! கோடை விடுமுறையில்கூடக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தும், சட்டப்படி செல்லத்தக்க ஆதாரத்துடன் ஒருவரும் வரவில்லை என்று நீதிபதி ஓ.பி. சைனி தீர்ப்பில் வருந்தினார். குற்றமே நடக்கவில்லையா, கரும்பு காய்ந்துதான் போயிற்றா? இரண்டில் எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. குற்றமற்றவர் என்றால் அவர் இழந்த பதினைந்து மாதத்துக்கு யார் பதில் சொல்வது?

2018 மார்ச்சில் சி.பி.ஐ. டில்லி ஹைகோர்ட்டில் மேல் முறையீடு செய்தது. வாதம் கேட்டுக் கொண்டிருந்த நீதிபதி 2020 நவம்பரில் ஓய்வு பெற்றார். மறுபடி வேறு நீதிபதி, மறுபடி வாதம். மேல் முறையீட்டை விசாரிக்கலாமா, கூடாதா என்ற ஒரே கேள்விக்கு ஆறு வருஷம் ஆயிற்று. விசாரிக்கலாம் என்று 2024 மார்ச் 22-ல் உத்தரவானது. அந்த உரிமங்கள் கொடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, அதற்குள் கல்லூரிப் படிப்பையே முடித்துவிட்டிருக்கும்!