மிரர்லெஸ் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

"கேமரா வாங்கப் போகிறேன், எத்தனை மெகாபிக்சலில் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே, எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?"

என்னிடம் இருப்பது பானசோனிக் லூமிக்ஸ் ஜிஎக்ஸ்85 (2016), 16 மெகாபிக்சல். என் மைத்துனரிடம் இருப்பது ஃப்யூஜிஃபிலிம் எக்ஸ்-இ3 (2017), 24 மெகாபிக்சல். இரண்டும் பழைய மாடல்கள். ஆனால் இவற்றை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று சுற்றியதில் நான் கற்றுக்கொண்டவை, புதிய மாடல் வாங்குபவர்களுக்கும் பொருந்தும்.

மிரர்லெஸ் என்றால் என்ன?

எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்வாக இருக்கும். உள்ளே வரும் ஒளியை அது வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும். பட்டனை அழுத்தும்போது மேலே எழும்பி, ஒளிக்கு வழிவிடும். மிரர்லெஸ் கேமராவில் இந்தக் கண்ணாடி கிடையாது. ஒளி நேராக சென்சாரில் விழ, அதையே திரையில் பார்க்கிறோம். அதனால் கேமரா மெலிந்துவிட்டது. 2008-ல் வந்த பானசோனிக் ஜி1-தான் லென்ஸ் மாற்றக்கூடிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் முதல் கேமரா.

சென்சாரும் திரையும் ஓடிக்கொண்டே இருப்பதால் பேட்டரி சீக்கிரம் தீரும். நிறுவனக் கணக்குப்படி ஜிஎக்ஸ்85-ல் சுமார் 290 படங்கள், எக்ஸ்-இ3-ல் சுமார் 350 படங்கள். ஸ்பேர் பேட்டரி ஒன்று அவசியம்.

லென்ஸோடு சேர்த்து எடை போடுங்கள்

பேட்டரியுடன் ஜிஎக்ஸ்85 சுமார் 426 கிராம். எக்ஸ்-இ3 சுமார் 337 கிராம். கடையில் கையில் வாங்கிப் பார்த்தால் ஃப்யூஜிதான் லேசு. ஆனால் லென்ஸ் இல்லாமல் படம் எடுக்க முடியாதே! லூமிக்ஸின் 12-32 மி.மீ. ஜூம் சுமார் 70 கிராம்தான். ஃப்யூஜியின் 18-55 மி.மீ. ஜூம் 310 கிராம். லென்ஸோடு சேர்த்தால் 496-க்கு 647. கணக்கு தலைகீழாகிவிட்டது.

காரணம் சென்சார். லூமிக்ஸில் 17.3 x 13 மி.மீ.; ஃப்யூஜியில் 23.5 x 15.6 மி.மீ. பரப்பளவில் ஃப்யூஜி ஒன்றரை மடங்குக்கும் மேல். சென்சார் பெரிதானால் பொதுவாக லென்ஸும் பெரிதாகும். தவிர, ஃப்யூஜியின் அந்த ஜூம் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்படி செய்யப்பட்டது. எடையில் அதற்கும் பங்கு உண்டு.

தி.நகர்: வெயிலும் நிழலும்

ரங்கநாதன் தெருவில் முற்பகலில் பாதித் தெரு வெயிலில், பாதி நிழலில் இருக்கும். இங்கே ஃப்யூஜிக்குத்தான் மதிப்பெண். ரா பார்மட்டில் எடுத்து, கம்ப்யூட்டரில் நிழல் பகுதியை வெளிச்சமாக்கியபோது அதில் புள்ளிகள் குறைவாக இருந்தன. நெரிசலில் ஒரே கையில் பிடித்து எடுக்கும்போது லூமிக்ஸ் வசதி. அதன் பாடியிலேயே நடுக்கத்தைக் குறைக்கும் அமைப்பு உள்ளது. எக்ஸ்-இ3-ன் பாடியில் அது இல்லை. 18-55 போன்ற சில லென்ஸ்களில்தான் உண்டு.

அடையாறு: தூரத்துப் பறவை

அடையாறு முகத்துவாரத்தில் நிற்கும் கொக்கைப் பிடிக்க டெலி லென்ஸ் வேண்டும். லூமிக்ஸின் 100-300 மி.மீ. லென்ஸ், 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 200-600 மி.மீ.-க்குச் சமம், எடை சுமார் 520 கிராம். ஃப்யூஜியில் அந்த 600-ஐத் தொட 100-400 மி.மீ. லென்ஸ் வேண்டும். அது ஒரு கிலோவைத் தாண்டும். காலை நடையில் தோளில் மாட்டிச் செல்ல எது ஏற்றது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மயிலாப்பூர்: நான் கோட்டைவிட்ட இரவு

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழா. நாயன்மார்கள் மாட வீதிகளில் வலம் வந்துகொண்டிருந்தனர். இருட்டிய பிறகும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வேண்டாமே என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு, 1/250 நொடியில் நூற்றுக்கும் மேல் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் பெரும்பாலான படங்களில் கிடைமட்டமாகக் கருப்புப் பட்டைகள்! சுவாமியின் முகத்திலேயே கோடு. ஒரு வருடம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தவறு கேமராவுடையது அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டரோ சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. மங்கிய நேரத்தில் படிக்கப்பட்ட வரிகள் கருப்பாகின்றன. இரண்டு கேமராக்களிலும் இதே கதைதான்.

இதற்குத் தீர்வு எளிது. இரவில் மெக்கானிக்கல் ஷட்டர், வேகம் 1/100 அல்லது 1/50 என்று வையுங்கள். அப்போது ஒவ்வொரு வரிக்கும் விளக்கின் முழுச் சுற்று வெளிச்சமும் கிடைத்துவிடும். இந்த வேகத்தில் அசைவு கலங்கும் என்பதால், பல்லக்கு நிற்கும் நேரத்தில் எடுங்கள். மறு வருடம் இப்படித்தான் எடுத்தேன், பட்டை விழவில்லை.

சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை

ஏசி அறையிலிருந்து கேமராவைச் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். பைக்குள்ளேயே சிறிது நேரம் விட்டு, பிறகு எடுங்கள். மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வையுங்கள்.

கோயில் விழா, பயணம், பறவை என்று அலைபவர்களுக்கு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படத்தை மெருகேற்றுபவர்களுக்கு ஃப்யூஜி. எதை வாங்கினாலும், முக்கியமான நாளுக்கு முந்தைய இரவே அதே தெரு விளக்கில் பத்து படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.